டாக்டர் மரகதத்தின் மேல் இரக்கப்பட்டவர்கள்

வாருங்கள், வாருங்கள். ஆரணி வெயிலில் நிற்காமல் பந்தலுக்குள் வந்து உட்காருங்கள். வீட்டில் எல்லாரும் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? எங்கள் படவேட்டில் மலை மேல் மட்டும் கறுத்துக்கொண்டு நிற்கிறது, கீழே ஒரு தூறல் கிடையாது. சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா? சாப்பாடு பிறகுதான். முதலில் மரகதம் டாக்டரின் படம் திறக்க வேண்டும். படம் திறக்கிறவர் இன்னும் வரவில்லை. பெரிய மனிதர் அல்லவா, மெதுவாகத்தான் வருவார்.

என்னைத் தெரிகிறதா? மருத்துவக் கல்லூரியில் டீக்கடை வைத்திருந்த ஏழுமலை. மரகதம் டாக்டரிடம் படித்தவர்கள் எல்லாருமே என்னிடம் டீ குடித்தவர்கள். எனக்குப் படிப்பு கிடையாது. அதனால் டாக்டரின் தங்கை பரிமளம் போனில் பதிவு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுவதைக் கேட்டு நினைவு மலரில் எழுதப்போகிறாளாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். என் பேச்சைச் சீவி முடிந்து பொட்டு வைத்துத்தான் அச்சுக்கு அனுப்புவாள். அனுப்பட்டும். விஷயத்தை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும்.

செய்தி வந்த அன்று காலையில் நான் படவேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. ஒருமுறை ஒரு கிழவர் கிடாவை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கண்டக்டர் கிடாவுக்கு டிக்கெட் கேட்க, கிழவர், "அது கோயிலுக்குப் போவுது, அம்மனாண்ட வாங்கிக்கோ" என்றார். சரி, அதை விடுங்கள். போன் அடித்தது. கடையை இப்போது என் மகன்தான் பார்க்கிறான்.

"யப்பா, மரகதம் டாக்டர் பூட்டாங்கப்பா. தூக்கத்துலயே உயிர் போயிட்சாம். ஆரணி வூட்டுக்குத்தான் எடுத்துகினு போறாங்க."

வேறு எங்கேயோ போகக் கிளம்பினவன். ஆரணி பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இந்தத் தெருமுனையில் இறங்கி நடக்கிறேன், தலைக்கு மேலே பேனர். செத்தவர் வீட்டுக்கு மாலை வருவதற்கு முன்னால் பேனர் வந்துவிடுகிறது இந்தக் காலத்தில். நடுவில் டாக்டரின் படம், வட்டமாக, பக்கத்தில் விளக்கு. சுற்றிலும் ஆண்பிள்ளை முகங்கள். கோட்டுப் போட்ட முகம், கண்ணாடி போட்ட முகம், மைக் பிடித்த முகம். எல்லாருக்கும் மேலே, செத்தவரின் படத்தைவிடப் பெரிதாக, டாக்டர் தயாளன். இப்போது அந்தக் கல்லூரிக்கே டீன். இன்று படம் திறக்க வருகிறவரும் அவர்தான்.

தெருமுனையில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன், "இன்னா எழுதிகீது, கொஞ்சம் படிச்சி சொல்லும்மா."

அவள் கட்டிக்கொண்டிருந்த பூவை விடாமலே படித்தாள். "கண்ணீர் அஞ்சலி. எங்களை எல்லாம் தாயாய்க் காத்த, அறுவைச் சிகிச்சைத் துறையின் முன்னாள் தலைவர், டாக்டர் மரகதம்."

"இன்னொரு வாட்டி படி."

"முன்னாள் தலைவர்னு கீதுய்யா. ஏன், தப்பா?"

தப்பா என்று கேட்கிறாள். மரகதம் டாக்டர் அந்தத் துறைக்குத் தலைவராக ஒரு நாளும் இருந்ததில்லை. இருக்க விட்டதில்லை. விடாத ஆள்தான் பேனரில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போனேன். பரிமளம் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"வா அண்ணே. பேனர் பாத்தியா? தயாளன் சாரே நின்னு கட்டச் சொன்னாரு."

"பாத்தேன். தலைவர்னு போட்டுகிறாங்களே, பரிமளம்?"

"ஆமாண்ணே. உயிரோட இருக்கசொல்ல அக்கா வேணாம்னு உட்டுச்சி. இப்பவாவது குடுத்தாங்களே, அது போதும்."

"வேணாம்னு உட்டாங்களா? யார் சொன்னது?"

"அக்காவே சொல்லிச்சி. தெக்க ரொம்ப தூரத்துல போஸ்ட் போடறாங்க, அம்மாவை இந்த நிலைமையில உட்டுட்டுப் போவ முடியாதுன்னு சொல்லிச்சி." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாவை நான் பாத்துக்கிறேன், நீ போன்னு அன்னிக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்கா போயிருக்கும்ணே. என் வாய் வரலையே. நான்தாண்ணே கெடுத்துட்டேன்."

பிணம் கிடக்கிற வீடு. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எவனோ செய்த வேலைக்கு இந்தப் பெண் இத்தனை காலம் தன் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறாள். அந்த எவனோ, இந்த வீட்டு வாசலில் நின்று பேனர் கட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போகிறான். இன்றைக்குப் பதினாறாம் நாள். அந்த ஆள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பரிமளம், நீயும் கேட்டுக்கொள்.

அந்தக் கல்லூரியில் நான் கண்டதை முதலில் சொல்கிறேன். கீழே வகுப்பு விட்டு என் கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள். சில வருடம் அதற்கும் மேலே. மாடிக்கு மாடி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினால் ஜடை குறைந்துகொண்டே வரும். கடைசி மாடியில் பெரியவர்கள் கூட்டம் போடுகிற அறை. அங்கே எல்லாம் மீசை. ஒரே ஒரு கொண்டை. அது மரகதம் டாக்டர். அந்தப் பிள்ளைகள் எல்லாம் நடுவில் எந்த மாடியில் இறங்கிப் போனார்கள் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். கேட்டால், "உனக்கு எதுக்குய்யா அதெல்லாம், சக்கரை கம்மியா போடு" என்பார்கள்.

அந்த அறையில் எனக்கு ஒரு வழக்கம் சொல்லித் தந்திருந்தார்கள். பிளாஸ்க்கையும் டம்ளர்களையும் கொண்டுபோய் டாக்டர் மரகதத்தின் முன்னால் வைத்துவிட வேண்டும். அவர் ஊற்றி எல்லாருக்கும் தள்ளுவார். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் டீ கொண்டுபோனவனும் அப்படித்தான் வைத்தான். அவனுக்கு முன்னால் இருந்தவன் காலத்தில் வேறு ஒரு பெண் டாக்டர் இருந்தாராம், அவர் முன்னால் வைத்தானாம்.

ஒருநாள் அவர் விடிகாலையில் ஒரு குடல் ஆபரேஷனை முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் பிளாஸ்க்கை வைத்தேன். அவர் அதை எடுத்து மேஜை நடுவுக்குத் தள்ளினார். யாரும் தொடவில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கிறது, எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கண் மட்டும் பிளாஸ்க் மேல். கடைசியில் அப்போதைய தலைவர், "இன்னாம்மா, இன்னிக்கி உங்க கையால டீ இல்லியா?" என்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "குடிக்கிறவங்க ஊத்திக்கட்டும் சார்" என்றார்.

வயிற்றைக் கிழித்துத் தைக்கிற அத்தனை பேர் இருந்த அறை. ஒருவருக்கும் மூடியைத் திருகித் திறக்கத் தெரியவில்லை. ஒருவர் கோட்டின் மேல் கொட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "பாத்தியா ஏழுமலை. துணி தைச்சா பொம்பள வேலை, வயிறு தைச்சா ஆம்பள வேலை, டீ ஊத்துனா மறுபடியும் பொம்பள வேலை. யாரு பிரிச்சாங்கன்னு தெரியல, நல்லாத்தான் பிரிச்சிகிறாங்க."

அப்போதெல்லாம் நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரியே அப்படித்தான் கூப்பிட்டது. ஒருநாள் கடையில் நிறுத்திக் கேட்டார்.

"ஏழுமலை, தயாளனை இன்னான்னு கூப்புட்ற?"

"டாக்டருன்னு."

"அவன் என்கிட்ட தையல் முடிச்சுப் போடக் கத்துகினவன். அவன் டாக்டர், நான் அம்மாவா?"

"மரியாதைக்குத்தான்மா..."

"நோயாளி கூப்புடட்டும். வயித்து வலி வந்தா எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. நீ நல்லாத்தானே கீற?"

அன்றிலிருந்து டாக்டர் என்றே கூப்பிட்டேன். எத்தனை பேரைக் கேட்டார் தெரியுமா இப்படி? என்னைப் போல் படிக்காதவன் மாற்றிக்கொண்டேன். படித்தவர்களுக்கு நாக்கு வளையவில்லை. அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வசதி இருக்கிறது. அம்மா பதவி கேட்க மாட்டாள். பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பாள். பேனரைப் பாருங்கள், அங்கேயும் தாய்தான்.

முடிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. இது பட்டு நெய்கிற வீடு. சின்ன வயதில் டாக்டர் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்திருக்கிறார். அந்தக் கைதான் இந்தக் கை என்று கல்லூரி விழாவில் யாரோ ஒருவர் கவிதை மாதிரிப் பேசினார். டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "இழை முறுக்கும்போது தூங்கித் தூங்கி விழுவேன், எங்கப்பா மண்டையில குட்டுவாரு. இதுல இன்னா பெருமை" என்றார். தன்னைப் பற்றிய பொய் அவருக்குப் பொறுக்காது, நல்ல பொய்யாக இருந்தாலும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் லீவில் போகும்போதெல்லாம் துறைக்குப் பொறுப்பு மரகதம் டாக்டர்தான். ஒரு வருடத்தில் பாதி நாள் தலைவர் லீவில்தான் இருப்பார். ஆனால் தலைவர் நாற்காலியில் பொறுப்பு உட்காரக் கூடாது. அதன் முதுகில் ஒரு பெரிய வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கும். அது தலைவர் இல்லாதபோதும் தலைவர். டாக்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை வேலையும் பார்ப்பார். ஒருமுறை நான் வைத்த டீ சரிந்து மேஜையெல்லாம் ஓடிவிட்டது. நான் துணி தேடி ஓடப் பார்த்தேன். அவர் எழுந்து, நாற்காலியிலிருந்த துண்டை உருவி என்னிடம் போட்டார்.

"ஐயோ டாக்டர், அது தலைவர் துண்டு!"

"துண்டுன்னா தொடைக்கத்தான். தொடை."

தலைவர் திரும்பி வந்து, மொட்டையாக நின்ற நாற்காலியைப் பார்த்து, "என் துண்டு எங்க?" என்றார். "தொவைக்கப் போட்டிருக்கு சார். உக்காருங்க, நாற்காலி அப்படியேதான் கீது" என்றார் டாக்டர். அந்த வாரம் முழுக்க என் கடையில் நர்சுகள் சிரித்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரிமளம், எங்கே எழுந்திருக்கிறாய்? உட்கார். இது உனக்குத்தான்.

தெற்கே ஒரு கல்லூரியில் தலைவர் இடம் காலியானது. வரிசைப்படி அடுத்தது மரகதம் டாக்டர். அவருக்குப் பின்னால் தயாளன். அந்த இடத்தில் ஏறினால் பிறகு டீன் ஆகலாம். ஏறாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். யாருக்கு எந்த ஊர் என்று சென்னையில் கூப்பிட்டுக் கேட்பார்கள். நேரில் போய் நின்று எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். போகாதவர் வேண்டாம் என்று விட்டதாகக் கணக்கு. அதற்கு வரச் சொல்லித் துறைக்குச் சென்னையிலிருந்து போன் வந்திருக்கிறது. டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை, தயாளனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு ஆபரேஷன் முறை போட்டிருந்தார்கள்.

அன்று காலை தலைவர் அறைக்கு டீ கொண்டுபோனேன். தலைவர், இன்னும் இரண்டு பேர். தயாளன் அங்கே இல்லை, விடியும் முன்பே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, மரகதம் அம்மா வரமாட்டாங்க. பாவம், வயசான தாயார் ஆரணியில முடியாம இருக்காங்க. பொம்பள, அவ்ளோ தூரம் தனியா எப்டிப் போவாங்க? நாமளே தொந்தரவு பண்ணக் கூடாது. தயாளன் வந்துகினு இருக்காரு, அவருக்குக் குடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டு மற்றவர்களிடம், "ஒரு நல்ல காரியம் பண்ணோம். அந்தம்மாவுக்கு எதுக்கு பேஜாரு" என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். முகத்தில் அப்படியொரு கருணை. அந்தக் கருணையை நான் கண்ணால் பார்த்தேன். திருடுகிறவன் முகத்தில்கூடக் கொஞ்சம் பயம் இருக்கும். இவர்கள் முகத்தில் அதுவும் இல்லை. கோயிலில் கற்பூரம் ஏற்றியவர்கள் மாதிரி இருந்தார்கள்.

நான் கெட்டிலை அங்கேயே வைத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். டாக்டர் முதல் ஆபரேஷனை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"எங்கம்மாவைக் கேட்டாங்களா?"

"இல்ல டாக்டர்."

"என்னைக் கேட்டாங்களா?"

"இல்ல டாக்டர்."

அப்போதுதான் குழாயை மூடினார். அடுத்த நோயாளியைத் தனக்கு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, பச்சை உடுப்பின் மேல் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். அங்கே போய்ச் சேர்ந்தபோது கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்களாம். பெருக்கின பெண்தான் சொன்னாளாம், "எல்லாம் முடிஞ்சி பூட்சே மேடம், நீங்க ஏன் லேட்டு?" என்று. டாக்டர் அங்கிருந்த அதிகாரி வரைக்கும் போய், "நான் வேண்டாம்னு சொல்லல, எனக்கு வேணும்" என்று கேட்டிருக்கிறார். அவரும் நல்லவர். "உங்க நல்லதுக்குத்தாம்மா பண்ணாங்க. போய் தாயாரைப் பாத்துக்குங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பரிமளம், உன் அக்கா வேண்டாம் என்று விடவில்லை. வேண்டும் என்று கேட்கப் பஸ் ஏறிப் போனவர். அம்மாவைச் சாக்காக வைத்துப் பறித்தார்கள் என்று தெரிந்தால் படுத்திருக்கிற அம்மா தாங்க மாட்டாள் என்றுதான் வீட்டில், "நானே விட்டுட்டேன்" என்று சொல்லியிருப்பார். உன் பேரில் குற்றமே இல்லை. நீ போ என்று சொல்லியிருந்தாலும் போவதற்கு அங்கே இடமில்லை. தயாளன் உட்கார்ந்தாயிற்று.

ஏன் இப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் குடி. எங்கே போகிறாய்? சரி, போய் முகம் கழுவிக்கொண்டு வா. போன் இங்கேயே இருக்கட்டும், நான் இவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாவம். சரி, நீங்கள் கேளுங்கள். தயாளன் தெற்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு எங்கள் கல்லூரிக்கே தலைவராகத் திரும்பி வந்தார். வந்த அன்று எல்லார் முன்னாலும் மரகதம் டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கைதட்டல். காலைத் தொடுகிற மரியாதை செலவில்லாதது. அதற்குப் பிறகு டாக்டர் ஓய்வு பெறுகிறவரை தன்னிடம் படித்தவனுக்குக் கீழேதான் வேலை பார்த்தார். அறுவைச் சிகிச்சை படிக்க வருகிற பெண் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் என் கடைக்குக் கூட்டிவந்து டீ வாங்கித் தருவார். ஒரே புத்திமதிதான்: "திட்றவனுக்கு பயப்படாத. உன்னைக் கேக்காம உன் மேல இரக்கப்படறான் பாரு, அவனாண்ட ஜாக்கிரதையா இரு." இங்கே வந்திருக்கிற பெண் டாக்டர்களில் பாதிப் பேர் அந்த டீயைக் குடித்தவர்கள்.

ஓய்வு பெற்ற நாள் விழா. பரிமளத்துக்கு அன்று பொதுத்தேர்வு வேலை, வர முடியவில்லை. வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தயாளன் மைக்கைப் பிடித்துப் பேசினார். "பதவியை விரும்பாத தெய்வம் எங்கள் அம்மா. தாய்க்காகத் தலைவர் பதவியையே தூக்கி எறிந்த தியாகி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பின்னால் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எனக்கு விருப்பம் இருந்துச்சி" என்றார். "தலைவர் பதவி எனக்கு வேணும்னு இருந்துச்சி. நல்லா பண்ணியிருப்பேன். கேட்டேன், குடுக்கல. விரும்பாதவன்னு சொல்லி யாரும் என்னைப் பாராட்ட வேணாம். அதுக்கு எனக்கு மாலையும் வேணாம்."

மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து, "ஏழுமலை, டீ ஊத்து" என்றார். "குடிக்கிறவங்கதான் ஊத்திக்கணும் டாக்டர்" என்றேன். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். அவரே ஊற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தார்.

அதைக் கேட்ட அதே தயாளன்தான் இந்தப் பேனரைக் கட்டியிருக்கிறார். தலைவர் என்று எழுதிவிட்டால் தலைவராக விடாதது அழிந்துவிடும் அல்லவா? நாளைக்கு ஒரு பெண் பிள்ளை வந்து எங்கள் துறையில் பெண் தலைவரே வந்ததில்லையே என்று கேட்டால், இந்தப் பேனரின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டுவார். உயிரோடு இருக்கும்போது பதவியைப் பறித்தார்கள். செத்த பிறகு, பறித்தார்கள் என்கிற உண்மையையும் பறிக்கிறார்கள். இதுவும் இரக்கம்தான். இதையும் யாரையும் கேட்காமல்தான் செய்திருக்கிறார்கள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று மலரில் எல்லாரும் எழுதியிருக்கிறார்களாம். கை, கருணை, புன்னகை என்று. எனக்கு மிச்சம் இந்தப் பிளாஸ்க். அந்த மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போன அதே பிளாஸ்க். இன்று மேடையில் இதைத்தான் வைக்கப் போகிறேன். அங்கே உட்காரப்போகிற ஒரே பெண் பரிமளம். அவள் முன்னால் வைக்க மாட்டேன். டீன் முன்னால் வைப்பேன். மூடியைத் திறக்க இப்போதாவது கற்றுக்கொண்டாரா என்று பார்த்துவிடலாம். ஆனால் பரிமளம் எங்கே, முகம் கழுவவா இத்தனை நேரம்...

"யோவ் அண்ணே! ஏழுமலையண்ணே!"

தெருவிலிருந்து கூப்பிடுகிறாள். ஏன் அங்கே போய் நிற்கிறாள்? கையில் என்ன அது, கத்தரிக்கோலா?

"ஜல்தி வாண்ணே! ஏணி ஆடுது, ஒரு ஆள் புடிக்கணும். தலைவர்ங்கிற வரி என் கைக்கு எட்டல. அந்தாளு காரு ஊருக்குள்ள வந்துட்டுதாம்!"

"பாத்தும்மா, அக்கா முகத்துல கத்தரி பட்டுடப் போவுது! இதோ வரேன்!"

நீங்கள் உட்காருங்கள். பிளாஸ்க் இங்கேதான் இருக்கிறது, நீங்களே ஊற்றிக் குடியுங்கள். வந்தவுடன் மீதியைச் சொல்கிறேன். அந்தத் தயாளன் வந்து பேனரில் ஓட்டையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டால், நீங்கள் எழுந்து நின்று அவரிடம், இந்த இடத்தில்தான் மரகதம் டாக்டருக்கு நீங்கள் தராத பதவி இருக்கிறது என்று சொல்லுங்கள்.